ஒன்பது வயதுப் பெரியவள்

அந்தப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கிற அறைகள் பதினொன்று, பாடம் நடக்காத அறைகள் பதினான்கு. ஒன்றில் மூன்று துணி துவைக்கும் இயந்திரங்கள் நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்றில் பல் வைத்தியரின் சாய்வு நாற்காலி. ஒன்றில், வேலைக்கு மனு எழுத வரும் அப்பாக்களுக்கென்று இரண்டு கணினிகள். இன்னொன்றில் நான்கு கட்டிலும் ஒரு திரைச்சீலையும் தவிர எதுவும் கிடையாது. இரவு வேலை முடிந்து, பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வீடுவரை நடக்கத் தெம்பில்லாத அம்மாக்கள் அங்கே ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுப் போவார்கள். பிள்ளைக்குப் படிப்பு ஏறவேண்டுமானால் முதலில் வீட்டைக் கவனி என்பது அந்தப் பள்ளியின் கட்சி.

வீட்டைக் கவனிப்பதற்கென்றே அங்கே ஒருத்தி இருந்தாள். ஒரு நாளும் கரும்பலகை முன்னால் நின்றதில்லை. ஆனாலும் எல்லோரும் அவளை வீட்டு டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகச் சேருகிற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் முதல் மாதத்துக்குள் போய் உட்கார்ந்து, கேட்டு, மஞ்சள் அட்டை ஒன்றை நிரப்பிக்கொண்டு வரவேண்டும். அந்த அட்டை இருந்தால் பதினான்கு அறைகளும் திறக்கும். அட்டைக்கு ஆதாரம் எதுவும் கேட்பதில்லை. சான்றிதழ் எங்கே, ரசீது எங்கே என்று மற்ற எல்லா அலுவலகங்களும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன சனங்களிடம் நாமும் கேட்கக்கூடாது என்று பெரிய மேடம் சொல்லிவைத்திருந்தார். சொன்னதைச் சொன்னபடி எழுது. அவ்வளவுதான் சட்டம். வீட்டு டீச்சருக்கு அதில் கொள்ளைப் பெருமை.

அந்த வீடு ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. படியெல்லாம் ரப்பர் வாசனை. ஒரே அறை. அம்மா அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறவள்; விரல் நுனிகளில் காய்ந்த பசை தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"எத்தனை பிள்ளைங்க அக்கா?" வீட்டு டீச்சர் கேட்டாள்.

அந்த அம்மா விரலில் காய்ந்திருந்த பசையை ஒரு துண்டு உரித்தாள். பிறகு மடமடவென்று சொன்னாள். "ரெண்டு. ரெண்டு பொண்ணுங்க. இது சின்னவ."

"பெரியவ எங்கே?"

"அவ அவ்வளவா வெளிய வர்றதில்ல."

"என்ன வயசு?"

"பெரியவளுக்கு ஒன்பது."

"சின்னவளுக்கு?"

"அவளுக்கும் இப்ப ஒன்பது."

"ரெட்டைப் பிள்ளைங்களா?"

"சேச்சே. பெரியவ ரெண்டு வருஷம் மூத்தவ."

வீட்டு டீச்சரின் பேனா அந்தரத்தில் நின்றது. தூக்கமில்லாத அம்மாக்கள் கணக்கில் தடுமாறுவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஒருத்தி தன் பிறந்த வருடத்தையே மகனுக்குச் சொன்னதுண்டு. சுற்றிலும் கண்ணை ஓட்டினாள். இரண்டு கட்டில்கள், ஒன்று கலைந்திருந்தது, ஒன்று சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு. தொட்டி விளிம்பில் டம்ளரில் இரண்டு சின்னப் பல் துலக்கிகள், இரண்டும் ஈரம். வேறென்ன வேண்டும்? சொன்னதைச் சொன்னபடி எழுதினாள். படிப்பு விட்டுப்போயிருப்பதால் தங்கையோடு மூன்றாம் வகுப்பிலேயே இருக்கட்டும். அவள் வர முடியாத நாளில் சாப்பாடும் நோட்டும் வீட்டுக்குப் போகட்டும் என்று குறிப்பும் போட்டாள். இரண்டு அட்டைகள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அந்த அம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரையில் கிடந்த சின்னவள் படம் வரைவதை நிறுத்தியிருந்தாள். "அக்கா பேரையும் எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். ஏதோ வாசல் கதவைச் சாத்தாமல் வந்துவிட்டீர்களா என்று கேட்பது போலிருந்தது.

முதல் இரண்டு வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பெரியவளுக்கான சாப்பாட்டு டப்பா தங்கையின் பையில் போகும், காலியாகத் திரும்பும். நோட்டுப் புத்தகம் போகும். கணக்குப் போட்டுத் திரும்பும். துணி துவைக்கிற அறையில் ஒரு அண்ணன் இருந்தார். எப்போது பார்த்தாலும் முழங்கைவரை சோப்பு நுரை, அதனால் பேரே நுரை. அவர் ஒரு நாள் வீட்டு டீச்சரைத் தாழ்வாரத்தில் மறித்தார்.

"உங்க பெரியவ வெளிய வரமாட்டான்னுதானே சொன்னீங்க?"

"ஆமா. ஏன்?"

"பாவாடையைப் பாத்தா அப்படித் தெரியலயே. முட்டி பூரா மண்ணு. நம்ம மைதானத்து மண்ணு, சிவப்பு. இருபது வருஷமா துவைக்கிறேன், என் மாமியார் முகம் மறந்தாலும் இந்த மண்ணு மறக்காது."

"தங்கச்சி பாவாடையா இருக்கும்ணே."

"தங்கச்சிது தனியா இருக்கு. அதுல ஒரு பொட்டு அழுக்கில்ல. போட்டுக் கழட்டின துணியான்னே சந்தேகமா இருக்கு."

அதற்கடுத்த திங்கட்கிழமை, மூன்றாம் வகுப்பு சாரின் வருகைப் பதிவேட்டில் பெரியவள் பெயருக்கு நேரே டிக் விழுந்திருந்தது. வீட்டு டீச்சருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வெளியே வராத பிள்ளை வந்துவிட்டதே!

"எப்படி இருக்கா சார்?"

"யாரு?"

"பெரியவ. புதுசா வந்திருக்காளே."

"ஆங், வந்தா வந்தா. ஜன்னல் ஓரமா உக்காந்திருந்தா." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல பிள்ளை. கேட்டதுக்குப் பதில் சொன்னா."

"என்ன கேட்டீங்க?"

சார் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் குழம்பியது. "என்னமோ கேட்டேன்," என்றார். "தங்கச்சிதான் இன்னிக்கு வரல போல."

வீட்டு டீச்சர் வகுப்புக் கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாகப் பார்த்தாள். சின்னவள் முதல் வரிசையில், சாரின் மேஜைக்கு நேரே முன்னால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளின் தலைகளை எண்ணினாள். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். முப்பத்திரண்டு. மூன்றாவது தடவை ஒவ்வொரு தலையாக முகத்தோடு சேர்த்து எண்ணினாள். ஜன்னல் ஓரம் வந்ததும் வெயில் கண்ணைக் கூசியது, எண்ணிக்கை விட்டுப்போயிற்று. மூன்று முறையும் அதே இடத்தில்தான் வெயில் கூசியது என்பது மாடி இறங்கும்போதுதான் உறைத்தது.

வானத்தில் அன்று மேகம் மூடியிருந்தது.

அதன் பிறகு சின்னவள் விஷயத்தில் சின்னச் சின்னத் தவறுகள் நடந்தன. ஒவ்வொன்றும் யாரும் செய்யக்கூடிய தவறுதான். பரிமாறுகிற அக்கா வரிசையில் அவளைத் தாண்டி அடுத்த தட்டில் போட்டாள்; "ஐயோ, கண்ணு பொட்டையா எனக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்; மறுநாளும் தாண்டினாள். பல் வைத்தியரின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. புதுச் செருப்பு வந்தபோது பெரியவளுக்கு மட்டும் அளவு எடுத்திருந்தார்கள். யார் எடுத்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள்.

நர்ஸக்காதான் கடைசியில் இரண்டு அட்டைகளையும் கொண்டுவந்து வீட்டு டீச்சரின் மேஜையில் போட்டாள். மாதம் இரண்டு முறை எல்லாப் பிள்ளைகளையும் எடை பார்ப்பது அவள் வேலை.

"இதைப் பாரு. சின்னவ முதல்ல இருபத்திநாலு கிலோ. அப்புறம் இருபத்திமூணு. அப்புறம் இருபத்திரெண்டு. இன்னிக்கு இருபத்தொண்ணு."

"பெரியவ?"

"முதல் தடவை எழுதவே இல்ல, கோடு போட்டிருக்கேன். அடுத்தது ஒண்ணு. அப்புறம் ரெண்டு. இன்னிக்கு மூணு." நர்ஸக்கா குரலைத் தாழ்த்தினாள். "மூணு கிலோன்னா பிறந்த குழந்தைடி. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு மூணு கிலோன்னு என் கையாலேயே எழுதியிருக்கேன். கையெழுத்து என்னுது. ஆனா அவளை மெஷின்ல ஏத்தின ஞாபகம் இல்ல எனக்கு."

பக்கத்து அறையில் இயந்திரம் தண்ணீரை வடித்துவிட்டு வேகமாகச் சுற்றத் தொடங்கியது.

வீட்டு டீச்சர் அன்று சின்னவளை மைதானத்தின் ஓரத்தில் பிடித்துவைத்துக்கொண்டு பேசினாள். கையைத் தொட்டாள். கை சில்லிட்டிருந்தது.

"சாப்பிட்டியா கண்ணு?"

"பசிக்கல டீச்சர். அக்கா பக்கத்துல உக்காந்தா எனக்குப் பசிக்கிறதில்ல."

"அக்கா உன்கிட்ட பேசுவாளா?"

"பேசமாட்டா. நகர்ந்துக்கோன்னு இடிப்பா. எங்க வீட்டுலயும் அப்படித்தான்." சின்னவள் தோளைக் குலுக்கினாள். "அவ கெட்டவ இல்ல டீச்சர். இடம் பத்தல, அவ்வளவுதான்."

வீட்டு டீச்சர் உடனே தன் அறைக்குப் போய்ப் பெரியவளின் அட்டையை எடுத்து மேஜையின் அடி இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் எந்த அட்டையையும் மூடக்கூடாது என்பது பள்ளியின் ஏற்பாடு. அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் முழுக்கச் சின்னவளை யாருமே கண்டுகொள்ளவில்லை. பதிவேட்டில் பெயர் கூப்பிடவில்லை, தட்டு வைக்கவில்லை, பள்ளி விட்டதும் காவலாளி அவள் உள்ளே நிற்கும்போதே கேட்டை இழுத்துச் சாத்தினார். வீட்டு டீச்சர் ஓடிப்போய் இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே இருந்தது சின்னவளின் அட்டை. அவசரத்தில் மாற்றி எடுத்திருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிடம். அந்த அம்மா வெளியே மரப்பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்து, டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தாள். வீட்டு டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க டீச்சர். பெரியவ ஏதாவது வம்பு பண்ணிட்டாளா?"

"உக்காருங்க அக்கா." வீட்டு டீச்சரும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் யோசித்து வந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் நிற்கவில்லை. "பெரியவ எப்ப போனா?"

அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை, அழவும் இல்லை. விரலில் இருந்த பசையை உரித்தாள்.

"ரெண்டு வருஷம். காய்ச்சல். மூணே நாள்." ஒரு துண்டு உரிந்து விழுந்தது. "அதுக்கப்புறம் நாலு ஊரு மாறிட்டோம். நாலு ஊர்லயும் எத்தனை குழந்தைன்னு கேப்பாங்க. ஒண்ணுன்னு சொல்லுவேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் நானே மண்ணள்ளிப் போடுற மாதிரி இருக்கும். அன்னிக்கு நீங்க கேட்டீங்க. வாய் தானா ரெண்டுன்னு சொல்லிடுச்சு. சரி, திட்டப்போறீங்கன்னு பாத்தா, நீங்க பாட்டுக்கு எழுதிட்டீங்க."

"நான் கண்ணால பாத்திருக்கணும்."

"நீங்க எழுதின அன்னிக்கு ராத்திரிதான் டீச்சர் அந்தக் கட்டில் கலைஞ்சுது."

லாரி ஒன்று பின்பக்கமாக வந்து நின்றது. அது ஓய்கிறவரை வீட்டு டீச்சர் காத்திருந்தாள்.

"சின்னவ மூணு கிலோ குறைஞ்சிருக்கா."

"அவ எப்பவுமே ஒல்லிதான்."

"இன்னிக்கு அவ என்ன சட்டை போட்டுட்டு வந்தா அக்கா?"

அந்த அம்மா வாயைத் திறந்தாள். மூடினாள். தொழிற்சாலைச் சுவரையும் லாரியையும் தன் செருப்பையும் பார்த்தாள்.

"பெரியவ?"

"நீலம். காலர்ல வெள்ளைக் கோடு." கேட்டு முடிக்கும் முன்னே வந்துவிட்டது பதில். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது போல, பசைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு கையை எடுத்தாள். "கிழிக்க மாட்டேன் டீச்சர். என் கையால அந்தக் கார்டைக் கிழிக்கச் சொல்லாதீங்க. இன்னொரு தடவை என்னால முடியாது."

"கிழிக்க வேண்டாம்," என்றாள் வீட்டு டீச்சர். அப்போதுதான் அவளுக்கே அது தோன்றியது. "எங்க பள்ளிக்கூடத்துல போற பிள்ளையோட பேரை அடிச்சுவிடறதில்ல அக்கா. அனுப்பிவைப்போம்."

அது அந்தப் பள்ளியின் பழக்கம். வேலை தேடி ஊர் மாறும் குடும்பங்கள் அங்கே அதிகம். வருடத்துக்கு இருபது பிள்ளைகளாவது நடுவில் போய்விடும். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாற்காலி காலியாவது மற்றப் பிள்ளைகளுக்குக் கெட்ட கனவாக வருகிறது என்று கண்டுகொண்டார்கள். அதனால் யார் போனாலும் வகுப்பு முழுக்க எழுந்து கேட்டுவரை கூட நடக்கும். போகிற பிள்ளை தனக்குப் பிடித்த ஒருவரின் கையைப் பிடித்துக்கொள்ளும். கேட் தூணருகே அந்தக் கையை விடும். விட்ட பிறகு யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் போகிற பிள்ளைக்குக் கால் எழாது.

வீட்டு டீச்சர் சொன்ன எல்லாவற்றையும் அந்த அம்மா கேட்டுக்கொண்டாள். "யார் கையை அவ பிடிப்பா?" என்றாள். கேட்டுவிட்டு, பதிலைக் கேட்க விரும்பாதவள் போலச் சாப்பாட்டு டப்பாவை இறுகப் பிடித்தாள்.

வீட்டு டீச்சருக்கும் அதுதான் பயம். வேறு ஏதாவது பிள்ளையை நிறுத்தலாமா என்று சின்னவளிடமே கேட்டுப் பார்த்தாள். "நான்தான் பிடிக்கணும்," என்றாள் சின்னவள். "வேற யாரு பிடிச்சாலும் அவ வரமாட்டா. பிடிவாதக்காரி."

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அனுப்பிவைக்க ஏற்பாடாயிற்று. பெரிய மேடம் நம்பினாரா இல்லையா தெரியாது. விலகல் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மா கையெழுத்துப் போட்டாள். 'அடுத்துச் சேரும் பள்ளி' என்ற கட்டத்தை வெறுமனே விட்டாள்.

"யாரை அனுப்பறோம்?" என்று சார் தாழ்வாரத்தில் வீட்டு டீச்சரின் காதில் கேட்டார். "கேக்கவே வெக்கமா இருக்கு. யாருன்னு தெரியாம நானும் கூட நடக்கறேன்."

பிள்ளைகளுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. "பெரியவ போறா சார், தள்ளுங்க, வழிவிடுங்க," என்று ஒரு வாண்டு அவரை ஓரங்கட்டியது. யாரும் சொல்லித்தராமலேயே வரிசையின் நடுவில் ஒரு ஆள் அளவுக்கு இடம் விட்டு நடந்தார்கள். அந்த இடத்தை ஒட்டிச் சின்னவள் நடந்தாள். அவள் இடதுகை உடம்பிலிருந்து சற்று விலகி, விரல்கள் எதையோ சுற்றி மூடியிருந்தன. நல்ல வெயில். எல்லாப் பிள்ளைகளின் நிழலும் காலடியில் குட்டையாக விழுந்திருந்தது. சின்னவளின் நிழல்தான் கழுவிவிட்ட மைக்கறை போல வெளுத்திருந்தது. அதன் பக்கத்தில், யாருமில்லாத தரையில், அதைவிடக் கறுப்பாக ஒன்று.

வீட்டு டீச்சர் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

காவலாளி கேட்டைத் திறந்தார். அந்த அம்மா தூணுக்கு உட்புறம் நின்றாள். பிள்ளைகள் நின்றார்கள். சின்னவளும் நின்றிருக்க வேண்டும். அவள் நிற்கவில்லை. தூணைத் தாண்டி ஒரு காலை வெளியே வைத்தாள். கை மூடியபடியே இருந்தது. இப்போது அது முன்னால் நீண்டு, விறைத்து, இழுபடுகிற கை போலிருந்தது.

"விடு கண்ணு," என்றாள் வீட்டு டீச்சர். "தூண் வந்தாச்சு. விட்டுடு."

"விடமாட்டேங்கறா டீச்சர்," என்றாள் சின்னவள். அதிசயமாக அவள் குரலில் பயமே இல்லை. தூக்கம் வருகிற பிள்ளையின் குரல். இரண்டாவது கால் தரையைவிட்டு எழும்பியது. வீட்டு டீச்சர் பாய்ந்து அவள் தோளைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் சட்டை மட்டும்தான் கைக்கு அகப்பட்டது போலிருந்தது, அத்தனை லேசு.

"அக்கா, கூப்பிடுங்க!" என்று கத்தினாள். கூப்பிடக்கூடாது என்ற பழக்கம் அவளுக்கு நினைவே வரவில்லை. "கூப்பிடுங்க அக்கா, நீங்க கூப்பிடுங்க!"

அந்த அம்மாவின் கண் சின்னவளின் மேல் இல்லை. நீட்டிய கைக்கு அப்பால், தெருவில், ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் முகம் இருக்கவேண்டிய உயரத்தில் நிலைகுத்தியிருந்தது. அவள் முகம் மலர்ந்திருந்தது. இந்த அம்மா சிரித்து வீட்டு டீச்சர் பார்த்ததே இல்லை. எந்தப் பெயரைக் கூப்பிடப்போகிறாள் என்று அங்கிருந்த யாராலும் சொல்லியிருக்க முடியாது. அவளாலும்தான்.

பிறகு அந்தக் கண் மெதுவாக, ஒரு பெரிய சுமையை இறக்குவது போல, கீழே வந்தது. நீட்டிய கைக்கு வந்தது. கை வழியாகத் தோளுக்கு, கழுத்துக்கு, வியர்வையில் ஒட்டிய முடிக்கு.

"மஞ்சள் சட்டை," என்றாள், தனக்குள். பிறகு தொண்டை கிழிய ஒரே கத்தல்: "சின்னவளே! அவ கையை விட்டுட்டு வாடி இங்க! அம்மாகிட்ட வாடி!"

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். வீட்டு டீச்சரின் பிடிக்குள் தோள் கனத்தது. மூடியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவளே திறந்தாளா, வேறு யாரும் பிரித்துவிட்டார்களா என்று தெரியாதபடி, நிதானமாக, கட்டைவிரல் கடைசியாக. அவள் உள்பக்கமாகத் தடுமாறி விழ, அம்மா மண்டியிட்டு அள்ளிக்கொண்டாள். சார் மூக்கைச் சிந்தினார். ஏனென்று அவருக்கே தெரியாது. தெரு காலியாக இருந்தது. எங்கோ ஒரு தள்ளுவண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று.

அம்மாவின் தோளில் முகம் புதைந்திருந்த சின்னவளிடம், மற்ற யாருக்கும் கேட்காத குரலில், ஆனால் பக்கத்தில் நின்ற வீட்டு டீச்சருக்குக் கேட்கும்படி, அந்த அம்மா கேட்டாள்: "அக்கா என்னடி சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல."

"திரும்பிப் பாத்தாளா?"

"இல்லம்மா. நான் கையை விட்டதும் ஒரே ஓட்டம்."

அந்த அம்மா தெருவின் கோடியைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவே அவளுக்கு ஒரு சிரிப்பு வந்து தொலைத்தது. "அவ அப்படித்தான்," என்றாள். "செருப்புகூடப் போட்டிருக்கமாட்டா."